பலத்த காயத்தோடு வருபவர்: முதல் பத்து நிமிடம்

இரவு 11 மணி. உளுந்தூர்பேட்டைப் பக்கம் நான்கு வழிச்சாலையில் பைக் சறுக்கி விழுந்த இரண்டு பேரை 108 ஊழியர்கள் கேஷுவாலிட்டியில் இறக்குகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓட்டி வந்தவருக்கு முன்கை எலும்பு தோலைக் கிழித்துக்கொண்டு வெளியே தெரிகிறது. வார்டே அதிரக் கத்துகிறார். பின்னால் உட்கார்ந்து வந்த 28 வயதுக்காரர் மைல்கல்லில் போய் மோதியவர். சட்டையில் மண்ணும் சிராய்ப்பும் தவிர ஒன்றுமில்லை. "தண்ணி குடுங்க" என்று இரண்டு முறை கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார். கூட வந்தவர்கள் எல்லோரும் முதல் ட்ராலியைச் சூழ்ந்துகொண்டு, "டாக்டர், மொதல்ல இவனப் பாருங்க" என்கிறார்கள். நீங்கள் போக வேண்டியது இரண்டாவது ட்ராலிக்கு.

கத்துகிறவருக்கு மூச்சுப் பாதை திறந்திருக்கிறது, நுரையீரலுக்குக் காற்று போகிறது, மூளைக்கு ரத்தம் போகிறது. அந்தக் கத்தலே அதற்குச் சாட்சி. அவர் கையைச் சற்றுப் பொறுத்துக் கழுவிக் கட்டலாம். தாகம், வியர்வை, சில்லிட்ட விரல், பேச மனமில்லாத அமைதி ஆகிய நான்கும் சேர்ந்து வந்தால் உள்ளே எங்கோ ரத்தம் போய்க்கொண்டிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். இரண்டாவது ட்ராலியில் இருப்பவருக்கு யாராவது சோடா வாங்கி வந்தால் தடுத்துவிடுங்கள். அறுவை மேசைக்குப் போக வேண்டிய வயிறு அது.

இரவுப் பணியில் ஒரு டாக்டர், இரண்டு ஸ்டாஃப் நர்ஸ், ஒரு பணியாளர், வீட்டிலிருந்து வர வேண்டிய சர்ஜன், சிடி ஸ்கேன் இல்லாத கட்டடம் என்று இருக்கும் மருத்துவமனைகளை மனத்தில் வைத்தே இந்த அத்தியாயத்தை எழுதுகிறேன். இங்கே சொல்லப்போகும் வரிசையும் அப்படிப்பட்ட இடங்களுக்காகப் பிறந்ததுதான். 1976 பிப்ரவரியில் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஜேம்ஸ் ஸ்டைனர் என்ற எலும்பு அறுவை மருத்துவர் ஓட்டி வந்த சிறு விமானம் வயலில் விழுந்தது. மனைவி அங்கேயே இறந்துபோனார். பிள்ளைகளுக்குப் பலத்த காயம். அவர்களைத் தூக்கிக்கொண்டு போன சிற்றூர் மருத்துவமனையில் எதை முதலில் செய்வது என்ற ஒழுங்கே இல்லாததைக் கண்டார். அந்த ஆதங்கத்தில் அவரும் நண்பர்களும் 1978இல் நடத்திய பயிற்சிதான் ஏடிஎல்எஸ் எனப்படும் பலத்த காயச் சிகிச்சைப் பயிற்சியின் தொடக்கம். 1980இல் அமெரிக்க அறுவை மருத்துவக் கல்லூரி அதைத் தன்னுடையதாக ஏற்றுக்கொண்டது. "நம்ம தாலுகா ஆஸ்பத்திரிக்கு இதெல்லாம் எதுக்கு" என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

வரிசையின் அடிப்படை எளிது. எது சீக்கிரம் கொல்லுமோ அதை முதலில் பார். கண்டதை அந்த இடத்திலேயே சரிசெய். அதன் பிறகுதான் அடுத்த படி. நோயின் முழுப்பெயர் தெரிய வேண்டியதில்லை. நிலைமை மோசமானால் நடுவிலிருந்து தொடராமல் மறுபடி முதல் படிக்குப் போங்கள். நான்கு பேர் இருந்தால் படிகள் ஒரே நேரத்தில் நடக்கும். நீங்கள் கைகளைக் கட்டிக்கொண்டு ட்ராலியின் கால்மாட்டில் நின்று வேலையைப் பிரித்துக் கொடுப்பது பல நேரங்களில் நீங்களே ஊசி குத்துவதைவிட மேல்.

ட்ராலி நின்றதும் கேட்க வேண்டிய கேள்வி: "உங்க பேர் என்ன? என்ன ஆச்சு?" தெளிவாகப் பதில் வந்தால் மூச்சுப் பாதை, மூச்சு, மூளை மூன்றும் இந்த நிமிடத்துக்குத் தாங்குகின்றன. பதில் வராவிட்டால் உடனடி உயிர்காப்புக்கான சிவப்பு அறை.

முதலில் கண்ணுக்குத் தெரியும் ரத்தம்

முன்பெல்லாம் மூச்சுப் பாதையிலிருந்து தொடங்கச் சொல்லிக்கொடுத்தார்கள். இப்போது அதற்கும் முன்னால் ஒரு படி வந்திருக்கிறது. பீறிட்டு ஓடும் ரத்தத்தை முதலில் நிறுத்துங்கள். தொடைத் தமனி அறுந்தவர் சில நிமிடங்களில் போய்விடுவார்.

ரத்தம் நனைத்த பஞ்சின்மேல் இன்னொரு பஞ்சு, அதன்மேல் பேண்டேஜ் என்று மலைபோல் அடுக்குவது கேஷுவாலிட்டிகளில் பழகிப்போன காட்சி. ரத்தம் நிற்பதில்லை, மறைகிறது. எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ரத்தம் வரும் புள்ளியைக் கண்டுபிடித்து, கையுறை போட்ட விரலால் நேரே அழுத்துங்கள். ஆழமான புண்ணானால் காஸ் துணியைப் புண்ணின் அடிவரை திணித்து, மேலிருந்து முழு எடையோடு அழுத்துங்கள். காபித்தூளோ மஞ்சள்தூளோ அப்பி வந்திருந்தால் சலைன் ஊற்றிக் கழுவினால்தான் புள்ளி தெரியும். மண்டைத் தோல் வெட்டைச் சின்னதாக நினைக்காதீர்கள். பெரிய தையலாக நான்கு இழுத்துப் போட்டாலே நின்றுவிடும். அழகாகத் தைப்பது பிறகு.

கை காலில் அழுத்தியும் நிற்காவிட்டால் டூர்னிக்கே. காயத்துக்கு நான்கு விரற்கடை மேலே, மூட்டின் மேல் படாமல், கீழே நாடி மறையும்வரை இறுக்க வேண்டும். அரைகுறையாக இறுக்கினால் சிரை மட்டும் அடைபட்டு ரத்தம் இன்னும் கூடுதலாகக் கொட்டும். தனியாக டூர்னிக்கே இல்லையென்றால் பிபி கஃப்பைச் சுற்றி 250க்கு மேல் ஏற்றிக் குழாயைக் கிளாம்ப் செய்யலாம். கட்டிய நேரத்தைக் கண்ணில் படும்படி எழுதுங்கள். 2 மணி நேரத்துக்குள் சர்ஜன் கைக்குப் போய்ச் சேர வேண்டும்.

மூச்சுப் பாதை

மயங்கிக் கிடப்பவரின் நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைப்பதுதான் பெரும்பாலும் நடப்பது. குறட்டைச் சத்தம் கேட்டால் தூங்குகிறார் என்று நினைக்காதீர்கள். தாடையின் இரு கோணங்களிலும் விரல் வைத்து முன்னால் தள்ளுங்கள். கழுத்தை அண்ணாத்த வேண்டாம். வாயில் ரத்தமும் வாந்தியும் இருந்தால் சக்‌ஷன். அதன் பிறகு கெடல் ஏர்வே, ரிசர்வாயர் பை உள்ள முகமூடி, நிமிடத்துக்கு 10 முதல் 15 லிட்டர் ஆக்சிஜன். முகத்தில் கொதிநீரோ தீயோ பட்டுக் குரல் கம்மியிருந்தாலும், பைக் சக்கரத்தில் துப்பட்டாவோ முந்தானையோ சிக்கிக் கழுத்து இறுகியிருந்தாலும், இப்போது நன்றாகப் பேசுகிறாரே என்று விட்டுவிடாதீர்கள். வீக்கம் கூடும்போது டியூப் போட இடமிருக்காது.

ஜிசிஎஸ் 8 அல்லது அதற்குக் கீழே என்றால் டியூப் என்பது எல்லோருக்கும் மனப்பாடம். அதோடு சேர்த்து இதையும் மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்: ரத்தம் இழந்தவருக்கு மயக்க மருந்து கொடுத்த அரை நிமிடத்தில் பிபி சரிந்து இதயம் நிற்கலாம். ஆம்பு பையில் மூச்சு நன்றாகப் போகிறதென்றால், முதலில் ரத்த ஓட்டத்தைத் தூக்கிவிட்டு, கெட்டமின் போன்ற மருந்தைக் குறைந்த அளவில் கொடுத்து டியூப் போடுங்கள். அப்போது ஒருவர் தலையை இரு பக்கமும் பிடித்திருக்க, கழுத்துக் காலரின் முன்பகுதியைத் திறந்துவிடலாம். டியூப்பும் போகவில்லை, ஆம்புவும் ஏறவில்லை என்றால் குரல்வளைக்குக் கீழே கிரிக்கோதைராய்டு சவ்வைக் கீறி 6ஆம் எண் டியூப்பை நுழைப்பதுதான் வழி. மூன்றாவது, நான்காவது முயற்சி என்று தொண்டைக்குள் துழாவிக்கொண்டிருப்பது ஆளைக் கொன்றுவிடும்.

மூச்சு

இந்தப் படியில் ஸ்டெதாஸ்கோப்பைவிடக் கண்ணுக்கு வேலை அதிகம். சட்டையை வெட்டிவிட்டு நெஞ்சைப் பாருங்கள். இரண்டு பக்கமும் சமமாக ஏறி இறங்குகிறதா? ஒரு பகுதி மட்டும் எதிர்த்திசையில் போகிறதா? தோலுக்கடியில் விரல் வைத்தால் நறநறவென்று காற்று நெரிபடுகிறதா?

தவறவே விடக்கூடாதது டென்ஷன் நிமோதொராக்ஸ். கிழிந்த நுரையீரலிலிருந்து வெளியேறும் காற்று திரும்ப வழியில்லாமல் நெஞ்சுக்குள் சேர்ந்து, இதயத்துக்கு வரும் சிரைகளை நெருக்குகிறது. மூச்சு வாங்கும், பிபி விழும், அந்தப் பக்கம் மூச்சு ஒலி இருக்காது, தட்டினால் மத்தளம்போல் ஒலிக்கும். கழுத்துச் சிரை புடைக்கும் என்று பாடநூல் சொல்லும். நிறைய ரத்தம் போனவருக்குப் புடைக்காது. மூச்சுக்குழல் விலகுவது கடைசிக் கட்டத்தில்தான் தெரியும். எக்ஸ்ரேக்கு அனுப்பினால் எக்ஸ்ரே அறையிலேயே இறந்துபோவார். பெரியவர்களுக்கு நான்காவது அல்லது ஐந்தாவது விலா இடுக்கில், அக்குளின் நடுக்கோட்டுக்குச் சற்று முன்னால், கீழ் விலாவின் மேல்விளிம்பை ஒட்டி, கிடைப்பதிலேயே நீளமான 14 எண் ஊசியைச் செலுத்துங்கள். காலர் எலும்புக்குக் கீழே குத்திப் பழகியவர்கள் இடத்தை மாற்றிக்கொள்வது நல்லது. நெஞ்சுத் தசை தடித்தவர்களுக்கு அங்கே ஊசி உள்ளே எட்டுவதில்லை. சாதாரண வென்ஃப்ளான் எந்த இடத்திலும் எட்டாமல் போகக்கூடும். அப்போது அதே விலா இடுக்கில் கீறி, ஆர்ட்டரி ஃபோர்செப்ஸால் விரித்து, விரலை உள்ளே விட்டுவிடுங்கள். காற்று சீறிக்கொண்டு வெளியே வரும். பிறகு அதே ஓட்டையில் ஐசிடி.

ஐசிடி போட்டதும் ஒரேயடியாக 1500 மில்லிக்கு மேல் ரத்தம் வந்தால் அது நெஞ்சைத் திறக்க வேண்டிய ஆள். அப்போதே பெரிய மருத்துவமனைக்குப் போன் போட்டுவிடுங்கள். நெஞ்சில் குத்திய கத்தியோ கம்பியோ அப்படியே நின்றால் பிடுங்காதீர்கள். அசையாதபடி சுற்றிக் கட்டி அனுப்புங்கள்.

ரத்த ஓட்டம்

60 கிலோ எடையுள்ளவரின் உடலில் ஏறக்குறைய 4.2 லிட்டர் ரத்தம். அதில் ஒரு லிட்டர் போனாலும் இளைஞரின் பிபி அனேகமாக விழாது. நாடி வேகமாகும், கை சில்லிடும், சிறுநீர் குறையும், அவ்வளவுதான். மேல் பிபி கண்கூடாக விழும்போது 30 சதவீதத்துக்கு மேல் போயிருக்கும். ஆகவே "பிபி 104 இருக்கு, ஸ்டேபிள்" என்ற வார்த்தையை நம்பாதீர்கள். நாடியின் எண்ணிக்கை மேல் பிபியின் எண்ணை நெருங்கினாலோ தாண்டினாலோ ஆபத்து. நாடி 126, பிபி 104 என்றால் அவர் ஷாக்கில்தான் இருக்கிறார்.

ரத்தம் மறைந்திருக்க ஐந்தே இடங்கள்: தரை, நெஞ்சு, வயிறு, இடுப்புக் கூடு, தொடை. தரை என்பதில் நீங்கள் பார்க்காத சாலையும், ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரும், முதுகுக்கடியில் நனைந்த துணியும் அடக்கம். தொடை எலும்பு ஒன்று முறிந்தால் ஒரு லிட்டருக்கு மேலே உள்ளுக்குள் தேங்கலாம். வயிற்றுக்கு ஃபாஸ்ட் ஸ்கேன்: கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் நடுவே, மண்ணீரலைச் சுற்றி, சிறுநீர்ப்பைக்குப் பின்னால், இதயத்தைச் சுற்றி. கறுப்பாகத் திரவம் தெரிந்தால் ரத்தம் என்று எடுத்துக்கொள்ளலாம். தெரியவில்லை என்பதால் வயிறு சுத்தம் என்று ஆகிவிடாது. பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நம் மைல்கல் இளைஞருக்கு இடது கீழ் விலாவைத் தொட்டாலே வலிக்கிறது, மண்ணீரலைச் சுற்றிக் கறுப்புக் கோடு தெரிகிறது. அவருடைய ரத்தம் எங்கே என்று இப்போது தெரிந்துவிட்டது.

லாரி ஏறியவர், தென்னை மரத்திலிருந்து விழுந்தவர் என்றால் இடுப்புக் கூட்டை முறிந்ததாகவே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கையாலும் இடுப்பை அழுத்தி ஆட்டிப் பார்க்கும் பழக்கம் இருக்கிறது. கட்டியிருந்த ரத்தக்கட்டியை அது உடைத்துவிடும். பெட்ஷீட் ஒன்றை ஒரு சாண் அகலத்துக்கு மடித்து, முழங்காலுக்கடியில் நுழைத்து மேலே இழுங்கள். பட்டை உட்கார வேண்டிய இடம் வேட்டி கட்டும் இடுப்பில் இல்லை. அதற்குக் கீழே, தொடையின் வெளிப்பக்கம் எலும்பு முட்டாகத் தட்டுப்படும் இடத்தில். இரண்டு பேர் எதிரெதிரே நின்று இழுத்து முறுக்கி, முறுக்கு அவிழாமல் கிளாம்ப் போடுங்கள். முழங்கால்களையும் பாதங்களையும் உள்பக்கம் திருப்பிச் சேர்த்துக் கட்டிவிட்டால் வேலை முடிந்தது. மேலே, வயிற்றின்மீது கட்டிய பெட்ஷீட்டால் எந்தப் பயனும் இல்லை.

இரண்டு கைகளிலும் பெரிய வென்ஃப்ளான் ஒவ்வொன்று. ஆரஞ்சு அல்லது சாம்பல் நிறம், கிடைக்காவிட்டால் பச்சை. பிங்க் நிறத்தைப் போட்டுவிட்டு ஆர்எல் பையைக் கசக்கிப் பிழிவதில் பயனில்லை, ஆரஞ்சின் வேகத்தில் கால்வாசிகூட அதில் போகாது. சிரை கிடைக்காவிட்டால் முழங்காலுக்குக் கீழே எலும்புக்குள் ஊசி. திரவம் ஒரு லிட்டருக்கு மேல் வேண்டாம், அதுவும் வெதுவெதுப்பாக. நான்கு, ஐந்து பாட்டில் ஆர்எல் ஏற்றினால் ரத்தம் நீர்த்து, உறையும் தன்மை போய், ஏற்றிய வேகத்திலேயே வெளியேறும். தலைக்காயம் இல்லாதவருக்கு மேல் பிபி 80, 90 இருந்து மணிக்கட்டு நாடி தட்டுப்பட்டால் சர்ஜன் கைக்குப் போகும்வரை போதும். அதற்குமேல் தேவைப்படுவது ரத்தம். நேரமில்லையென்றால் ஆண்களுக்கு ஓ பாசிட்டிவ், பிள்ளை பெறும் வயதுப் பெண்களுக்கு ஓ நெகட்டிவ். பை பையாக ஏற்றும்போது அதிலுள்ள சிட்ரேட் உடம்பின் கால்சியத்தை இழுத்துக்கொள்ளும் என்பதால் கால்சியமும் சேர்த்துக் கொடுங்கள்.

டிரானெக்ஸாமிக் அமிலம் மலிவான மருந்து, எல்லாக் கேஷுவாலிட்டியிலும் இருக்கிறது, ஆனாலும் நேரத்துக்குக் கொடுப்பவர்கள் குறைவு. 500 மில்லிகிராம் ஆம்பூல் இரண்டை 100 மில்லி சலைனில் கலந்து 10 நிமிடத்தில். பிறகு இன்னொரு கிராம் 8 மணி நேரத்தில். 40 நாடுகளில் 20,000க்கும் மேற்பட்டவர்களிடம் நடந்து 2010இல் வெளிவந்த கிராஷ்-2 ஆய்வு, இது உயிரிழப்பைக் குறைப்பதைக் காட்டியது. விபத்து நடந்து 3 மணி நேரம் தாண்டியபின் கொடுத்தால் கெடுதல் என்பதும் அதே ஆய்விலிருந்து தெரிந்ததுதான். அதனால் விபத்து நேரத்தைக் கேட்டு எழுதுவது சிகிச்சையின் ஒரு பகுதி.

தலை

நசுங்கிய மூளையை உங்களால் மீட்க முடியாது. மிச்சமிருக்கும் மூளையை ஆக்சிஜன் குறைவிலிருந்தும் பிபி குறைவிலிருந்தும் காப்பாற்ற முடியும். ஆக்சிஜன் அளவு 94க்குக் கீழே போகக்கூடாது, மேல் பிபி 110க்குக் குறையக்கூடாது. முன்பு சொன்ன 80, 90 கணக்கு தலைக்காயத்துக்குப் பொருந்தாது. கண் பாப்பா இரண்டும் சமமா, கை கால் இரு பக்கமும் அசைகிறதா, ஜிசிஎஸ் எவ்வளவு என்பதை மயக்க மருந்துக்கு முன்னால் எழுதிவிடுங்கள். டெக்ஸா கொடுக்கும் பழக்கம் இன்னும் சில இடங்களில் மிச்சமிருக்கிறது. தலைக்காயத்துக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் இறப்பு கூடும் என்று 10,000 பேருக்கு மேல் ஆராய்ந்த முதல் கிராஷ் ஆய்வு 2004இலேயே காட்டிவிட்டது. ஷாக்கில் இருப்பவருக்கு மேனிட்டால் ஏற்றினால் சிறுநீராகப் போய் பிபி இன்னும் விழும்.

"சார், தண்ணி போட்டிருக்கான், அதான் உளர்றான்." இந்த வாக்கியத்தைப் போல் ஆளை ஏமாற்றுவது வேறில்லை. குடித்தவருக்கும் மண்டைக்குள் ரத்தம் கட்டும். வாடை அடித்தாலும் உளறலைத் தலைக்காயமாகவே கருதுங்கள். சர்க்கரையையும் ஒரு சொட்டு எடுத்துப் பார்த்துவிடுங்கள்.

உடம்பு முழுவதும்

துணியை வெட்டி எடுத்து, நால்வர் சேர்ந்து கட்டையாக உருட்டி, முதுகையும் ஆசனவாய்ப் பகுதியையும் பாருங்கள். மாடு குத்திய காயம் வெளியே ஒரு அங்குலம் இருக்கும், உள்ளே எவ்வளவு போயிற்று என்று சொல்ல முடியாது. விரல் விட்டுத் துழாவாதீர்கள். பார்த்து முடித்ததும் ஈரத்துணியை அகற்றிப் போர்த்துங்கள், ஏசியை நிறுத்துங்கள். சித்திரை வெயிலிலும் ரத்தம் இழந்தவர் உடம்பு குளிரும், குளிர்ந்தால் ரத்தம் உறையாது. சிறுநீர் வழியின் முனையில் ரத்தச் சொட்டு இருந்தால் கதீட்டர் வேண்டாம். கண்ணைச் சுற்றிக் கறுத்து, காதில் ரத்தமோ நீரோ வந்தால் ரைல்ஸ் டியூபை மூக்கு வழியே போடக்கூடாது, வாய் வழியே போடுங்கள்.

பிபி மாத்திரை சாப்பிடும் முதியவருக்கு நாடி ஏறாமலே ஷாக் வரும். குழந்தைகளுக்கு பிபி கடைசி நிமிடம்வரை தாங்கிவிட்டுச் சட்டென்று விழும். நிறைமாதக் கர்ப்பிணியை இடப்பக்கம் சாய்த்துப் படுக்க வையுங்கள், இல்லாவிட்டால் வயிற்றின் எடை பெருஞ்சிரையை அழுத்தும்.

அனுப்புதல்

உங்களிடம் சர்ஜன் இல்லையென்றால், ஆளைப் பார்த்த முதல் ஐந்து நிமிடத்திலேயே மேல் மருத்துவமனைக்குப் பேசுங்கள். எல்லாம் முடித்துவிட்டுப் பேசலாம் என்று இருக்காதீர்கள். கை, கால், முதுகு என்று ஆறு எக்ஸ்ரே எடுத்து அனுப்புவதால் அங்கே யாரும் மகிழ்ச்சியடைவதில்லை. செய்து அனுப்ப வேண்டியவை: பாதுகாப்பான மூச்சுப் பாதை, தேவையென்றால் ஐசிடி, நின்றுபோன வெளி ரத்தம், இடுப்புப் பட்டை, தொடைக்கு ஸ்ப்ளின்ட், இரண்டு வென்ஃப்ளான், டிரானெக்ஸா. போனில் பேசுவது இப்படி இருந்தால் போதும்:

"சார், உளுந்தூர்பேட்டை ஜிஹெச் டியூட்டி டாக்டர் பேசறேன். 28 வயசு ஆண், பைக்ல பின்னாடி உக்காந்து வந்தவர், பத்தரைக்கு ஆக்சிடென்ட். இடது கீழ் நெஞ்சும் வயிறும் அடி. ஃபாஸ்ட்ல மண்ணீரல் பக்கம் ஃப்ளூயிட். பல்ஸ் 126, பிபி 104, ஜிசிஎஸ் 15. ரெண்டு லைன், அரை லிட்டர் ஆர்எல், டிரானெக்ஸா 11.10க்கு. ஒரு பை ரத்தம் ஓடுது. முண்டியம்பாக்கத்துக்கு இப்பவே கிளப்பறோம், தியேட்டர் ரெடியா இருக்கணும்."

ஆம்புலன்ஸில் யார் கூடப் போவது என்பதையும் தீர்மானியுங்கள். ஐசிடி பாட்டிலைத் தூக்கும்போது நெஞ்சுக்கு மேலே உயர்த்தாமல் பிடிக்கத் தெரிந்தவராக இருக்க வேண்டும். ஆம்புலன்ஸ் கிளம்பியதும் முதல் ட்ராலிக்குத் திரும்புங்கள். திறந்த எலும்பு முறிவுக்கு ஆன்டிபயாட்டிக், டிடி ஊசி, சலைன் கழுவல், ஸ்ப்ளின்ட் என்று அங்கே வேலை காத்திருக்கிறது.

ஏஆர் (விபத்துப் பதிவேடு) எழுதுவது

போலீஸ் வரட்டும், கையெழுத்துப் போட ஆள் வரட்டும் என்று சிகிச்சையை நிறுத்திவைக்க எந்த மருத்துவமனைக்கும் உரிமையில்லை. பரமானந்த் கட்டாரா வழக்கில் 1989இலேயே உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாக்கிவிட்டது. தூக்கி வந்தவர் வழிப்போக்கர் என்றால் பெயர் சொல்லும்படி கட்டாயப்படுத்தாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019இல் சேர்த்த 134ஏ பிரிவு அவரைப் பாதுகாக்கிறது. பணத்துக்காகவும் தயங்க வேண்டாம். 2021 டிசம்பர் 18 அன்று மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில், பட்டியலிலுள்ள மருத்துவமனைகள் சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தருகின்றன. எந்த ஊர்க்காரர் என்ற கேள்வி அதில் இல்லை.

ஆள் நிலைப்பட்ட பிறகு ஏஆர் புத்தகத்தை எடுங்கள். விபத்து நடந்ததாகச் சொல்லப்படும் நேரம், இடம், சொன்னவர் யார் என்பதை அவர் சொன்னபடியே எழுதுங்கள். உங்கள் ஊகத்தைச் சேர்க்காதீர்கள். காயங்களின் நீள அகலத்தை அளந்து எழுதுங்கள். வெட்டிய துணியை பாலித்தீனில் திணிக்காமல் காகித உறையில் போட்டு வையுங்கள். கைப்பேசி, மோதிரம், பணம் இருந்தால் இருவர் முன்னிலையில் எண்ணிக் கையெழுத்து வாங்குங்கள். அங்க அடையாளம் இரண்டு எழுத வேண்டிய இடத்தில் அன்றைய காயத்தையே அடையாளமாக எழுதிவிடும் அவசரக்காரர்கள் உண்டு. பழைய தழும்போ மச்சமோ தேடி எழுதுங்கள்.